கேட்க ஆளில்லாத வகுப்பு: கணினிப் பாட வீடியோவில் முதல் போடுவோர் கவனத்திற்கு

புடவைக் கடையில் நின்று பழகியவர்களுக்கு இது நன்கு தெரியும். துணியை விரித்த மாத்திரத்திலேயே வந்தவரின் முகத்தைப் பார்த்து, இது போகும், இது போகாது என்று சொல்லிவிடலாம். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. வகுப்பெடுக்கும் ஆசிரியரும் அப்படித்தான். பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது முன் வாங்கில் இருக்கும் பிள்ளையின் நெற்றி சுருங்கியிருந்தால், அதே விடயத்தை இன்னொரு விதமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். அந்த முகமே இல்லாத ஒரு தொழிலில் இன்று நமது இளைஞர், யுவதிகள் பலர் இறங்குகிறார்கள். கணினி நிரல் எழுதும் பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து விற்பதுதான் அது.

இது பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று விடயங்களைக் கேட்கிறார்கள். எந்தக் கமெரா நல்லது? எவ்வளவு முதல் வேண்டும்? மாதம் எவ்வளவு வரும்? கமெராவைப் பற்றிப் பிறகு பார்ப்போம். பணம் போக வேண்டிய இடம் வேறு என்பது என் கருத்து. அதை எனக்குத் தெளிவாகக் காட்டியது வல்வெட்டித்துறையில் நான் கண்ட ஒரு சிறு முயற்சி.

வல்வெட்டித்துறையில் எனக்கு ஒரு பழைய வியாபார நண்பர் இருக்கிறார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்துவிட்டு, நெல்லியடியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பித்து வந்தார். கொழும்பில் வேலைக்குப் போகலாம் என்று தாய் சொல்ல, ஊரிலிருந்தே பாடங்களை வீடியோவாக எடுத்து இலங்கை முழுவதும் கொடுக்கலாம் என்று மகள் சொல்ல, தகப்பன் நடுவில் நின்றார். கமெரா, விளக்கு, திரைச்சீலை எல்லாமாக மூன்று இலட்சம் ரூபா கேட்டார்களாம். “மனிசியின்ர நகையை அடைவு வைக்கலாம் எண்டு யோசிக்கிறன் நானா. வந்து ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்று தொலைபேசியில் அழைத்தார். போனேன்.

ஆளை நேரில் காணாமல் தொழில் செய்வது அந்த ஊருக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். இந்தியத் துறைமுகங்களோடும் பர்மாவோடும் பாய்க்கப்பலில் வியாபாரம் செய்த ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அவ்வூர் மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வீடியோவை ஏற்றிவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காணாமற்போன 18 நிமிடங்கள்

நான் போனபோது அவர் இரண்டு விதமாகச் செய்து பார்த்திருந்தார். முதலில், நெல்லியடி வகுப்பின் பின் சுவரில் கைப்பேசியைப் பொருத்தி இரண்டு மணித்தியால வகுப்பை அப்படியே பதிவு செய்து போட்டார். யாரும் பார்க்கவில்லை. பலகையில் உள்ளது வாசிக்க முடியவில்லை. “போன கிழமை சொன்னன்தானே” என்று அவர் சொல்வது, போன கிழமை வந்தவர்களுக்கு மட்டுமே விளங்கும்.

அடுத்து, வீட்டு அறையைப் பூட்டிக்கொண்டு தனியாக இருந்து, கணினித் திரையையும் தன் குரலையும் பதிவு செய்தார். இது சுத்தமாக வந்தது. வகுப்பில் 40 நிமிடம் எடுக்கும் பாடம் 22 நிமிடத்தில் முடிந்துவிட்டது. நேரம் மிச்சம் என்று அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் பார்த்த பிள்ளைகள் பாதியில் போய்விட்டார்கள். கேட்டால், “விளங்கேல்லை மிஸ். எங்க விளங்கேல்லை எண்டும் தெரியேல்லை” என்றார்களாம்.

“வகுப்பில எண்டால் இருபத்தாறு பிள்ளையள். ஆற்ற முகம் மாறுதெண்டு பாத்துப் பாத்துக் கதைப்பன். இஞ்ச சுவரோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு நானா” என்றார் அந்தத் தங்கச்சி.

அந்த 18 நிமிடங்களைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது வீண் நேரமல்ல. முன்னால் இருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அவர் திருப்பிச் சொன்னது, உதாரணம் காட்டியது, ஒருவன் செய்த பிழையை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னது எல்லாம் அதற்குள் இருந்தன. பிள்ளைகள் காசு கொடுத்து வந்ததே அதற்காகத்தான். முகங்கள் இல்லாமற் போனதும், அவருக்கே தெரியாமல் அந்தப் பகுதி பாடத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. கடைக்காரர் பாஷையில் சொன்னால், பொதியை அழகாகக் கட்டி, உள்ளே இருக்க வேண்டிய சாமானில் பாதியை வைக்காமல் அனுப்பியது போல.

இது அந்தத் தங்கச்சியின் குறையல்ல, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் உள்ள குறை. 1990 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்றார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுவதும் ஓடுகிறது. கேட்பவருக்கு மேசைச் சத்தம் மட்டும்தான். தனி அறையில் இருந்து நிரல் எழுதிக் காட்டுபவரின் நிலையும் இதுவே.

ஆளில்லாமல் கற்பித்து வென்றவர்கள்

அப்படியானால் ஆளில்லாமல் பதிவு செய்வதே பிழையா? இல்லை. இத்துறையில் உலகறிந்த பெயர் சல்மான் கான். வங்கப் பின்னணியுள்ள குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்தவர். நிதி நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே 2004 இல் தன் உறவினரான ஒரு சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். கேட்கும் உறவினர் கூடியதும், 2006 முதல் பாடங்களை யூடியூபில் பதிவு செய்து போட்டார். அவர் பதிவு செய்த இடம் வீட்டில் உடுப்பு வைக்கும் சிறிய அறை. முகம் காட்டவில்லை. கறுப்புத் திரையில் எழுத்தும் குரலும் மட்டும். நேரில் சொல்லிக் கொடுப்பதைவிட யூடியூபில் வருவதே தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் தன்னிடம் கூறியதாக அவரே பின்னர் மேடைகளில் சொல்லியிருக்கிறார். காரணம் எளிது. வீடியோவை நிறுத்தலாம், திருப்பிப் பார்க்கலாம், ‘இன்னுமா விளங்கவில்லை’ என்று யாரும் பார்க்கப் போவதில்லை. 2009 இல் அவர் வேலையை விட்டார். 2010 இல் கூகுள் நிறுவனம் அவருக்கு 20 இலட்சம் டொலர் வழங்கியது.

அவர் அறை வெறுமையாக இருந்தாலும் மனதில் ஒரு பிள்ளை இருந்தாள் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு வருடம் அந்தச் சிறுமியோடும் மற்றப் பிள்ளைகளோடும் பேசிப் பேசி, எங்கே தடுக்கும் என்று அறிந்த பிறகுதான் அவர் பதிவுக்கு வந்தார்.

நமது வானொலிக்காரர்களும் இதை நன்கு அறிந்தவர்களே. இலங்கை வானொலியில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்றோர் மூடிய கலையகத்தில் ஒலிவாங்கியோடு மட்டும் இருந்து பேசியபோது, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருந்தவரும் தன்னோடு மட்டும் பேசுகிறார் என்றே நினைத்தார். ஆனால் கணினிப் பாடத்துக்கு இனிய குரல் மட்டும் போதாது. இங்கே கேட்பவர் கேட்டுக்கொண்டே தன் கையாலும் செய்ய வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் அவருடைய கணினி நின்றுவிடும்.

இதை ஒழுங்கான முறையாகவே ஆக்கியவர்கள் மும்பை ஐ.ஐ.டி.யினர். அங்கே இரசாயனப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ என்ற திட்டம் இந்திய மத்திய அரசின் நிதியுதவியோடு உருவானது. லினக்ஸ், சி, ஜாவா, பைதன் எனப் பல பாடங்கள், ஒவ்வொரு வீடியோவும் சுமார் 10 நிமிடம். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் மாற்றப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியரே இல்லாத இடத்தில், வீடியோவை ஒரு பக்கமும் மென்பொருளை மறு பக்கமும் திறந்து வைத்து, பார்த்ததை உடனே செய்து பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. முகம் காட்டுவதே இல்லை.

இவர்கள் பதிவுக் கருவியைத் தொடும் முன் செய்யும் வேலைகள்தான் நமக்குப் பாடம். முதலில் எழுத்துப் பிரதி. ஒரு பக்கம் திரையில் என்ன நடக்கும், மறு பக்கம் என்ன பேசப்படும் என்று இரண்டு நிரலாக எழுதுவார்கள். அடுத்து, அந்தப் பாடத்தில் ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து, அதை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்வார்கள். அவர் தடுமாறும் இடங்களைத் திருத்துவார்கள். விடயம் தெரிந்தவர் சரிபார்ப்பது தனி. ஒலிப்பதிவு இத்தனைக்கும் பிறகுதான். அதாவது வகுப்பறையில் முன் வாங்கில் இருக்கும் பிள்ளையை இவர்கள் பதிவுக்கு முன்னரே கூப்பிட்டு இருத்திவிடுகிறார்கள்.

மென்பொருள் எழுதுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. நிரலில் பிழை எங்கே என்று தெரியாவிட்டால், மேசையில் ஒரு றப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, அதற்கு வரிவரியாக விளக்குவார்கள். விளக்கும்போதே பிழை தெரிந்துவிடும். அன்ட்ரூ ஹன்ட், டேவிட் தோமஸ் என்ற இருவர் 1999 இல் எழுதிய நூலால் பிரபலமான உத்தி இது. வீடியோ எடுப்பவர்கள் சிலரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொம்மை நம் பிழையைக் காட்டித் தரும், ஆனால் அதன் நெற்றி சுருங்காது.

சிவப்புக் கோப்பு

வல்வெட்டித்துறைக்கு வருவோம். நகையை அடைவு வைக்க வேண்டாம், அதற்குப் பதிலாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு எடுங்கள் என்று சொன்னேன். நண்பருக்கு முதலில் விளங்கவில்லை. மகளுக்கு உடனே விளங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த ஒரு பையன். பைதன் என்றால் பாம்பு என்று மட்டும் தெரிந்தவன். ஒரு பாடத்துக்கு 500 ரூபா என்று பேசி, பதிவு நேரத்தில் அவனை மேசைக்கு எதிரில் ஒரு பழைய மடிகணினியோடு இருத்தினார்கள். அவன் வாய் திறக்கக் கூடாது. விளங்காவிட்டால் ஒரு சிவப்புக் கோப்பைத் தூக்கி மேசையில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாளே ஒரு பயன் கிடைத்தது. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் சிறிய நிரல். எல்லோரும் தொடக்கத்தில் எழுதுவது. தங்கச்சி வழக்கம்போல் ‘இன்ட்’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனார். கோப்பு எழும்பியது. அது எதற்கு என்று பையனுக்குத் தெரியவில்லை. விசைப்பலகையில் நாம் அடிக்கும் எதையும் பைதன் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், எண் என்று நாம்தான் சொல்ல வேண்டும் என்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். அவனுக்குப் புதிது. இப்போது அந்தப் பாடத்தில் அவர் அந்தச் சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுகிறார். 5 ஐயும் 3 ஐயும் கொடுத்தால் 53 என்று வருகிறது. அதை அப்படியே திரையில் விட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகுதான் காரணம் சொல்கிறார். நெல்லியடி வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை செய்து காட்டியிருக்கும் பிழை, இப்போது பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

பிழைச் செய்தி வந்தால் வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தமான பதிவை வெளியிடுவதுதான் தொழில்முறை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தனியே இருக்கும் மாணவனுக்கு அந்தச் சிவப்பு எழுத்துச் செய்தி நிச்சயம் வரும். ஆசிரியருக்கும் அது வந்ததையும், அவர் அதை வாசித்துப் பொறுமையாகத் திருத்தியதையும் அவன் பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு பாடத்தோடு பையன் கெட்டிக்காரனாகிவிட்டான். கோப்பு எழும்புவது குறைந்தது. பாடம் நன்றாகிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். அவன் கற்றுக்கொண்டுவிட்டான், இனி அந்த வேலைக்கு ஆகான். இப்போது மூன்றாவது ஆள் வருகிறார், ஒரு தபால் ஊழியரின் மகள். முதலாவது பையனுக்கு வீடியோ வெட்டி ஒட்டும் வேலை.

கமெராவும் ஆறு நிமிடமும்

இனிக் கமெரா. 2014 இல் பிலிப் குவோ, ஜுஹோ கிம், ரொப் ரூபின் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தொடங்கிய எட்எக்ஸ் நிறுவனத்தின் நான்கு பாடநெறிகளில் 862 வீடியோக்களை மாணவர் எப்படிப் பார்த்தனர் என்று, 69 இலட்சம் தடவைகள் பார்க்கப்பட்ட பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். எம்.ஐ.டி.யின் நிரலாக்கப் பாடநெறியும் அதில் ஒன்று. ஆறு நிமிடத்துக்குட்பட்ட வீடியோக்களே மாணவரைப் பிடித்து வைத்தன. பெரும் செலவில் கலையகத்தில் எடுத்தவற்றைவிட, ஆசிரியர் தன் மேசையில் இருந்து சாதாரணமாகப் பேசியவை நன்றாக ஓடின. வகுப்பறை விரிவுரையைப் பதிவு செய்து பின்னர் துண்டாக்கியவை எடுபடவில்லை. எழுதிக்கொண்டே பேசும் சல்மான் கான் முறை நன்றாக எடுபட்டது.

ஓரளவு வேகமாகவும் உற்சாகமாகவும் பேசுவது குறையல்ல என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே 22 நிமிடத்தில் முடித்தது வேகத்தால் வந்த கேடு அல்ல, சொல்லாமல் தாண்டிப் போனதால் வந்தது.

மூன்று இலட்சம் எங்கே போனது என்று கேட்பீர்கள். போகவில்லை. திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ, ஒலியைத் திருத்த அவுடாசிட்டி, இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கினார்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் மாணவர் பொறுப்பார்கள், குரல் எதிரொலித்தால் நிறுத்திவிடுவார்கள். சேலை நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் இருந்தால் எதிரொலி அடங்கிவிடுகிறது, செலவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால், எழுத்தை ஒரு திரையில் பத்துப் பன்னிரண்டு வரி மட்டுமே தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். கைப்பேசியைக் கையை நீட்டிப் பிடித்து வாசிக்க முடிய வேண்டும் என்பது அளவு.

முகம் காட்டத் தேவையில்லை என்பது நமது வாசகர்களில் ஒரு சாராருக்கு முக்கியமான செய்தி. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நமது பெண்பிள்ளைகள் பலர், வீடியோ என்றதும் கமெராவுக்கு முன் நிற்க வேண்டுமே என்று தயங்குகிறார்கள். இந்தத் தொழிலில் திரையும் குரலும் போதும். மும்பைத் திட்டம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது.

வருமானம் வரும் வழி

யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அதன் பின் வரும் விளம்பர வருமானத்தில் 55 வீதம் பதிவேற்றியவருக்கு. ஆனால் இலங்கையிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காட்டும் விளம்பரங்களின் பெறுமதி மிகக் குறைவு. தமிழ் மொழிமூலம் இப்பாடம் படிக்கும் உயர்தர மாணவர் தொகையும் ஓர் எல்லைக்குட்பட்டது. விளம்பரத்தை நம்பி இறங்க வேண்டாம்.

பூட்டி வைத்து விற்கலாமா? ஒருவர் வாங்கினால் மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் கையிலும் இருக்கும். அதைத் துரத்திப் பிடிப்பதில் ஒரு தொழிலே நடத்தலாம்.

சென்னையில் குவி என்ற நிறுவனம் வந்த வழி கவனிக்கத்தக்கது. மென்பொருள் துறையில் வேலை பார்த்த மூவர் தமிழில் யூடியூப் பாடங்களாகத் தொடங்கி, 2014 இல் அதை நிறுவனமாக்கினார்கள். நிரல் எழுதிப் பழகும் தளம், வேலைக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சி என்று அதைச் சுற்றிக் கட்டினார்கள். 2022 இல் எச்.சி.எல். குழுமம் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. வீடியோ ஆளைக் கூட்டி வந்தது, சம்பாதித்தது மற்றவை.

தங்கச்சியும் இப்போது பாடங்களை எல்லோரும் பார்க்கத் திறந்து விட்டுவிட்டார். மாதக் கட்டணம் இரண்டு விடயங்களுக்கு மட்டும். வாரத்தில் ஒருநாள் இரவு ஒரு மணித்தியாலம் நேரடியாகச் சந்தேகம் தீர்ப்பது, மாணவர் எழுதி அனுப்பும் நிரலைத் திருத்தி அனுப்புவது. வாட்ஸ்அப்பில் வீடியோவைப் பகிரலாம், திருத்தத்தைப் பகிர முடியாது. அந்த ஒரு மணித்தியாலத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் கொப்பியில் எழுதி, ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அந்த வீடியோவைத் திரும்ப எடுக்கிறார். நான் கொப்பியைப் பார்த்தபோது ‘லூப்’ பாடத்துக்கு நேரே நான்கு தடவை கோடு இழுத்திருந்தது.

மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். நெல்லியடியில் கிடைத்ததைவிட இன்னும் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு தவணையும் கூடுகிறது என்றார். கொழும்பு வேலைக்கான விண்ணப்பம் தாயின் மேசையில் இன்னும் இருக்கிறது. அடுத்த உயர்தரப் பரீட்சைவரை பார்ப்பது என்று வீட்டில் தவணை போட்டிருக்கிறார்கள். பரீட்சைக்குப் பின் அந்த வருடத்துப் பிள்ளைகள் போய்விடுவார்கள், புதியவர்கள் வர வேண்டும். டியூஷன் நடத்துபவர்கள் அனைவருக்கும் உள்ள ஆபத்து இது, வீடியோவால் அது மாறவில்லை.

மூதூர்ப் பிள்ளைக்கும் விளங்க வேண்டும்

எதிர்பாராத ஒரு சிக்கல் பேச்சிலிருந்து வந்தது. தமிழ் மொழிமூலப் பரீட்சை நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள். பார்ப்பவர்களில் காத்தான்குடி, மூதூர், புத்தளம், ஹட்டன் பிள்ளைகளும் இருக்கிறார்கள். “என்னண்டு வந்தது எண்டு பாப்பம்” என்று வடமராட்சிப் பேச்சில் சொன்னால், மூதூரில் இருக்கும் பிள்ளை ஒரு கணம் நிற்கிறது. வகுப்பறையில் என்றால் அந்த முகம் காட்டிக் கொடுத்திருக்கும். சந்தேகம் கேட்கும் நேரத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலை மாணவி “மிஸ், அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. இப்போது பிரதி எழுதும்போதே அப்படியான சொற்களை மாற்றிவிடுகிறார். ஆனால் செய்தி வாசிப்பது போன்ற தமிழுக்கு அவர் போகவில்லை, அது நல்லது. கலைச்சொல்லில் மட்டும் பாடநூல் என்ன சொல்கிறதோ அதையும், தொழிலில் வழங்கும் சொல்லையும் இரண்டையும் சொல்கிறார். ‘மாறி’ என்று பரீட்சைத் தாளில் வரும், ‘வேரியபிள்’ என்று வேலைக்குப் போகுமிடத்தில் வரும். மும்பைத் திட்டத்திலும் குரலை மட்டுமே தமிழாக்குகிறார்கள், திரையை ஆங்கிலத்திலேயே விடுகிறார்கள். பிற்காலத்தில் வேலை செய்யப் போகும் திரை அதுதானே.

பதிவு நேரம்தான் இன்னும் முழுதாகத் தீரவில்லை. 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தை நினைத்தால் இன்றைய நிலை எவ்வளவோ மேல். என்றாலும் பகலில் பாண் வாகனத்தின் பாட்டு, மாலையில் கோயில் ஒலிபெருக்கி, அதிகாலையில் வள்ளங்களின் இயந்திரச் சத்தம். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும், ஆறு நிமிடத்தில் வியர்த்துவிடும். பாடம் ஆறு நிமிடமாக அமைய இதுவும் ஒரு காரணம் என்று சிரித்தார். இரவு பத்து மணிக்குப் பின்தான் வசதி. அதிலும் தை மாதம் ஆகாது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் நடக்கும் பட்டத் திருவிழா நாடறிந்தது. அதை ஒட்டிய வாரங்களில் விண் பூட்டிய பட்டங்களை இரவிரவாக விட்டுக் கட்டிவைப்பார்கள். அந்த விண் கூவும் ஓசை எந்த அலுமாரியையும் தாண்டி ஒலிவாங்கிக்குள் வந்துவிடும். ஆகவே தரவுத்தளப் பாடங்களுக்கான பிரதிகளை மார்கழியில் எழுதி முடித்து, தையில் தபால் ஊழியரின் மகளிடம் வாசிக்கக் கொடுத்து, மாசி பிறந்த பின் பதிவைத் தொடங்குவது என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள்.